அப்பா கேமராவின் லென்ஸ் தெளிந்துவிட்டது

அன்புள்ள மாப்ளே,

நீ போன மாதம் கொடுத்துவிட்டுப் போன அப்பாவின் கேனோனெட் ஃபிலிம் கேமராவை முந்தாநாள் ராத்திரிதான் முழுசாகப் பூட்டி முடித்தேன். லென்ஸ் தெளிந்துவிட்டது. அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடு. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், நீயும் அடுத்து இதில் கை வைப்பவன் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நீ பூஞ்சை என்று பயந்தாய், அது இல்லை. பின்மூடியைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் (பொத்தானை அழுத்திப் பிடிக்கும் வரை திறந்திருக்கும் நிலை) வைத்து, பொத்தானை அழுத்தியபடியே பிடித்துக்கொள்ளும் பூட்டுள்ள கேபிள் ரிலீஸால் திறந்தபடியே நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பூஞ்சையாக இருந்தால் கிளை கிளையாக வேர் ஓடியது மாதிரி தெரியும். இதில் மழை நாளில் பஸ் கண்ணாடியில் மூச்சுக்காற்று படிந்த மாதிரி ஒரே சீரான மூட்டம். உள்ளே போட்ட கிரீஸும் எண்ணெயும் ஐம்பது வருஷ வெக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் படிந்ததுதான் அது. அதனால்தான் ஷட்டரைப் பார்த்திருக்கும் இரண்டு முகங்களில், அதாவது ஷட்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு கண்ணாடித் தொகுதிகளில் முன்தொகுதியின் பின்பக்கத்திலும் பின்தொகுதியின் முன்பக்கத்திலும், அதிகமாக இருந்தது. நல்லவேளை, இரண்டுமே கைக்கு எட்டுகிற இடம். ஒன்றோடொன்று ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே இருந்திருந்தால் நான் தொட்டே இருக்க மாட்டேன். உன் கடைசி ரோலில் ட்யூப்லைட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துப்போய், கறுப்பெல்லாம் சாம்பலாக வந்ததே, அதற்கும் காரணம் இதுதான். உன் ஃபோகஸில் தப்பே இல்லை.

கழற்றுவதில் கஷ்டம் முதல் வளையம்தான். 40 மி.மீ. 1:1.7 என்று எழுதியிருக்கிற அந்தப் பெயர் வளையத்தைச் சிங்க் அடைக்கிற ரப்பர் மூடியால் அழுத்தித் திருகினேன், அசையவில்லை. ஓரத்தில் ஊசிமுனையால் ஒரு துளி லைட்டர் பெட்ரோல் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திருகினால் வெண்ணெய் மாதிரி வந்தது. அதற்குப் பிறகு லென்ஸ் ஸ்பேனர் (வளையத்தின் பள்ளங்களில் மாட்டித் திருகும் கருவி) போட்டு முன்தொகுதியை எடுத்துவிடலாம். பின்தொகுதி ஃபிலிம் இருக்கும் பக்கமாக வரும். ஸ்பேனர் வழுக்கினால் கண்ணாடியில் கோடு விழும், அதனால் நடுவில் வட்டமாகக் காகிதம் வெட்டி வைத்துக்கொண்டேன். கழற்றிய ஒவ்வொன்றையும் இட்லித் தட்டின் குழிகளில் வரிசைப்படி வைத்தேன், எது எதற்குப் பின் என்று குழப்பமே வரவில்லை.

துடைப்பதுதான் மனசுக்குப் பிடித்த வேலை. முதலில் ஊதி தூசியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நாமே தேய்த்துக் கீறிவிடுவோம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலை லென்ஸ் காகிதத்தில்தான் தொட்டுக்கொள்ள வேண்டும், கண்ணாடியில் நேராக விட்டால் ஓரத்து இடுக்கில் இறங்கிவிடும். நடுவில் தொடங்கி வட்டம் வட்டமாக வெளியே வந்தேன். மூன்றாவது காகிதத்தின் ஓரத்தில் கண்மை மாதிரி கறுப்பு தெரிந்ததும் திக்கென்றது. கண்ணாடியின் விளிம்பில் பூசியிருக்கும் கறுப்புப் பெயின்ட் ஆல்கஹாலில் கரைகிறது! விளிம்பு வரை போகாமல் அங்கேயே நிறுத்திவிட்டு, மிச்சத்தைச் சுத்தத் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்து அதைத் தொட்டு எடுத்தேன். அப்புறம் கண்ணாடி மேல் மெல்ல 'ஹா' என்று ஊதிப் பார்த்தேன். அழுக்கு மிச்சம் இருந்தால் ஆவி திட்டுத்திட்டாக மறையும், சுத்தமாக இருந்தால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே சீராகச் சுருங்கும். ஐந்தாவது தடவையில்தான் சீராகச் சுருங்கியது.

ஒரு விஷயம் உன்னிடம் மறைக்கக் கூடாது. பின்தொகுதியில் அரிசி நொய் அளவுக்கு ஒரு மங்கல் இருக்கிறது. அது அழுக்கு இல்லை, படிந்தது நாளாகிக் கண்ணாடி மேல் இருக்கும் மெல்லிய கோட்டிங்கையே அரித்துவிட்டது. படத்தில் தெரியாது. யாராவது பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்றால் கொடுத்துவிடாதே மாப்ளே. மிச்சமிருக்கும் கோட்டிங்கும் போய், வளைவும் மாறிவிடும். அப்பா கை பட்ட கண்ணாடி இப்படியே இருக்கட்டும்.

மற்றபடி, பின்மூடியில் இருந்த நுரைப்பஞ்சு தார் மாதிரி உருகிக் கிடந்தது, சுரண்டிவிட்டுக் கறுப்பு உல்லன் நூல் ஒட்டினேன். வியூஃபைண்டருக்குள் இருக்கும் அரைவெள்ளிக் கண்ணாடியை நான் தொடவில்லை, நீயும் தொடாதே, துடைத்தால் பூச்சு கையோடு வந்துவிடும். இதற்கான 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 நம்பர் பேட்டரியைச் சுற்றி ஒரு வளையம் வைத்துப் போட்டிருக்கிறேன், வெளிச்சம் அளக்கும் மீட்டர் ஓடுகிறது. பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் நிற்காது, வெளிச்ச அளவை நீயே வைத்து எடுக்கலாம்.

பூட்டும்போது முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்றி, மரை 'டக்' என்று விழுந்த பிறகே வலப்பக்கம் திருகினேன். கடைசிவரை இறுக்காவிட்டால் ஃபோகஸ் மாறிவிடும். பிறகு ஃபிலிம் ஓடும் இடத்தில் டிரேசிங் பேப்பரை ஒட்டி, லென்ஸை முடிவிலிக்கு (மிகத் தொலைவுக்கான ஃபோகஸ்) வைத்து, எதிர்த் தெரு செல்போன் டவரைப் பார்த்தேன். தலைகீழாக, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக விழுந்தது. ஃபோகஸ் சரியாக இருந்தால் வியூஃபைண்டரில் இரண்டு பிம்பங்கள் ஒன்றாக வேண்டும், டவரின் இரண்டு பிம்பங்களும் ஒன்றாகச் சேர்ந்தன. ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த டவர் உச்சியின் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். சுற்றிலும் பூப்பது இல்லை, ஒரு புள்ளியாக இருந்தது. அப்பா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குக் கோவையில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறாள். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

கேமராவை அந்தத் தோல் உறையில் மட்டும் வைக்காதே, ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருக்கிறேன். புது ரோல் ஒன்றும் மாட்டியிருக்கிறேன், 36 படம், ஒன்றுகூட எடுக்கவில்லை. வந்து வாங்கிக்கொண்டு போ. முதல் படம் அம்மாவை வாசல் திண்ணையில் உட்காரவைத்து எடு.

உன்,
பழைய ரூம்மேட்