ஐந்து வருடம் தள்ளிப்போன பென்சன்

ரோஸ் ஹில், மொரீஷியஸ்
அக்டோபர் 2025

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைச் சொன்னதும் மல்லிகா முதலில் கேட்டது பெயர் என்ன என்பதைத்தான். அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய்!

"உங்கள் குட்டித் தீவுக்கு அப்படி என்ன கடன்?" என்று கேட்டிருந்தாய். ஒரு வருடத்தில் நாடு ஈட்டுவதில் ஏறக்குறைய 90 சதவீதம் அளவுக்குக் கடன் இருக்கிறது. போன நவம்பர் தேர்தலில் தீவின் 60 இடங்களையும் இப்போதைய பிரதமர் ராம்கூலத்தின் கூட்டணி வாரிக்கொண்டது. வந்த கையோடு, பழைய ஆட்சி பொய்க்கணக்கு காட்டியது என்றார்கள். ஜனவரியில், நாடுகளின் கடன் தரத்தை எடைபோடும் மூடிஸ் நிறுவனமும் மிரட்டலாக ஒரு குறிப்பு எழுதியது. அப்புறம் ஜூன் 5ஆம் தேதி பட்ஜெட். அதில்தான் எல்லோருக்கும் 60 வயதில் கிடைத்துவந்த முதியோர் பென்சனை 65க்குத் தள்ளிவிட்டார்கள். செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு ஒரு வயதாக ஏறுகிறது.

இந்தப் பென்சன் உங்கள் ஊரில் ஆசிரியர்கள் கொடி பிடிக்கும் பழைய ஓய்வூதியம் போன்றதல்ல. நீ 2003 ஏப்ரலுக்கு முன்பே வேலையில் சேர்ந்த புண்ணியவான், உனக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே கரும்பு வெட்டியவருக்கும் ஆலை முதலாளிக்கும் ஒரே தொகை, மாதம் 15,000 ரூபாய். உங்கள் ரூபாயில் ஏறக்குறைய 28,000. 1958 முதல், இடையில் சில காலம் தவிர, எந்தப் பாகுபாடும் இல்லாமல் கொடுத்து வருகிறார்கள். ஆனால் 2014க்கு முன் இது 4,000 ரூபாயைக்கூடத் தொடவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் ஏலம்போல ஏற்றினார்கள். பிள்ளைகள் குறைந்து கிழங்கள் பெருகும் நாட்டில் அது எத்தனை நாள் தாங்கும்? செலவைக் குறைக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் யாரிடம் குறைத்தார்கள் என்று பார். எனக்கு மே மாதம் 60 முடிந்தது. அரசு வேலை என்பதால் 65 வரை சம்பளம் உண்டு. அதோடு பென்சனும் மாதாமாதம் வங்கிக்கு வந்துவிடுகிறது. மல்லிகாவின் தங்கைக்கு 55. இருபது வயதில் தையல் ஆலைக்குப் போனவள். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தபிறகு எங்கள் வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் அந்த மெஷின் முன்னால்தான் உட்கார்ந்தார்கள். 2005இல், எந்த நாடு எவ்வளவு துணி ஏற்றுமதி செய்யலாம் என்று ஒதுக்கிவந்த கோட்டா முறை முடிந்தது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. மிச்சமிருந்தவற்றுக்கு வங்கதேசத்திலிருந்து ஆள் வந்தது. இப்போது அவள் ஒரு ஓட்டலில் அறை துடைக்கிறாள், முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. 65 வரை அவளால் குனிய முடியுமா? எதிர்ப்பு கிளம்பியதும், வருமானம் குறைந்தவர்களுக்குத் தனி உதவி என்று சலுகை பேசினார்கள். மனு, சான்றிதழ், வரிசை எல்லாம் அவளுக்குத்தான். எனக்கு ஒரு தாளும் கேட்கவில்லை.

வயதைத் தொடாமல் வருமானத்தைப் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் கட்சி. 2004இல் அதைச் செய்தும் பார்த்தார்கள், வசதியுள்ளவர்களுக்கு நிறுத்தினார்கள். அதை எதிர்த்து 2005இல் ஜெயித்து வந்து ரத்து செய்தவர் யார் தெரியுமா? இதே ராம்கூலம்தான்.

மின்சாரக் கதையும் கேட்டாய். அதுவும் கடனில்தான் போய் முடிகிறது. ஜூன் முதல் டிசம்பர் வரை கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறோம், மற்ற மாதங்களில் அதே கொதிகலன்களுக்கு இறக்குமதி நிலக்கரி. ஐரோப்பா எங்களிடம் வாங்கும் சர்க்கரையின் விலையை 2006 முதல் படிப்படியாக 36 சதவீதம் வெட்டியபின் கரும்பு நிலம் சுருங்கிக்கொண்டே வருகிறது, ஆலைகள் மூன்றுதான் மிச்சம். கரும்பு குறைந்தால் சக்கை குறையும், டாலர் கொடுத்து நிலக்கரியும் எண்ணெயும் வாங்க வேண்டும். 2030க்குள் 60 சதவீதம் பசுமை மின்சாரம் என்று இலக்கு வைத்தார்கள். இப்போது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வெயில் காலம் வருகிறது, ஏசி போடும் வீடுகளும் கூடிவிட்டன. மிதக்கும் மின்நிலையத்தை வாடகைக்கு எடுக்கலாமா என்றுகூடப் பேச்சு.

எங்களுடையது என்று நாங்கள் கேட்டுவந்த, பிரிட்டன் வசமிருக்கும் சாகோஸ் தீவுகளுக்காக பிரிட்டன் 99 வருடம், சராசரியாக வருடத்துக்கு 101 மில்லியன் பவுண்டு தருவதாக மே மாதம் கையெழுத்தானது. அந்தக் காசு கைக்கு வருமுன்பே கடனடைக்கும் கணக்கில் எழுதிவிட்டார்கள். அந்தத் தீவுகளிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் இன்னும் போர்ட் லூயி சேரிகளில் இருப்பதை யாரும் பட்ஜெட்டோடு சேர்த்துப் பேசுவதில்லை.

என் பென்சனை மல்லிகாவின் தங்கைக்கே கொடுத்துவிடலாம் என்று பேசினோம். அவள் வாங்க மாட்டேன் என்கிறாள், ரோஷக்காரி. நீ பள்ளியில் ஓய்வூதிய மனுக்களை எழுதிக் கொடுத்தவன், இதற்கு ஒரு வழி சொல். தைப்பூசத்துக்கு வருவதாக இருந்தால் டிசம்பருக்குள் எழுது, அறையைக் காலி பண்ணி வைக்கிறேன். பேத்தியின் பெயரையும் மறக்காதே.

அன்புடன்,
முத்து