தாயைக் காட்டாம குட்டி விக்க விடாதேங்கோ: திருகோணமலை உள்ளூராட்சி சபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்மாருக்கு வணக்கம்.

டவுன், பட்டினமும் சூழலும், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி எண்டு எந்தச் சபையில இருந்தாலும் இது உங்கள் எல்லாருக்கும்தான். எங்கட மாவட்டத்தில வீட்டுக்குப் பின்னால கூடு அடிச்சு நாயை வருசம் முழுக்க குட்டி போட வச்சு விக்கிற யாவாரம் நல்லா வேர் விட்டிட்டுது. போனைத் திறந்தா பேஸ்புக்கிலயும் வட்ஸ்அப் குறூப்பிலயும் பொமரேனியன், லப்ரடோர், ரொட்வைலர், ஹஸ்கி எண்டு குட்டியளின்ட போட்டோ, கழுத்தில ரிப்பன், கீழ ஒரு போன் நம்பர். ஒரு போஸ்டிலயும் தாய் இல்ல. அந்தத் தாய் எங்க எண்டு கேக்கிறதுதான் இந்த மடல்.

நான் ஒரு தாயைப் பார்த்தன். தெரிஞ்ச பிள்ளை ஒண்டு பொமரேனியன் குட்டி வாங்கப் போகேக்க துணைக்குப் போனன், குட்டியை முன் விறாந்தையில வச்சுக் காட்டினவை, தாயைப் பாக்கலாமோ எண்டு கேட்டதுக்கு "அது கடிக்கும்" எண்டினம், பிறகு நான் தண்ணி குடிக்கிற சாட்டில பின்பக்கம் போனன். தண்ணித் தாங்கிக்குக் கீழ தகரம் போட்ட ஒரு கூடு, அடியில கம்பி வலை, அதுக்குள்ள எழும்பி நிண்டா முதுகு தகரத்தில முட்டுற உயரத்தில அந்த நாய். வெள்ளை நாயாம், மயிர் மஞ்சளாகி சிக்குப்பட்டு பின்னங்கால் ரெண்டிலயும் ஒட்டிப்போய்க் கிடந்தது. நிலத்தில நடந்தாத்தானே நகம் தேயும், அதுக்கு நகம் வளைஞ்சு பாதத்துக்குள்ளயே திரும்பி வளர்ந்திருந்தது. முலை தொங்கி வலையில உரசி புண். அது குலைக்கவும் இல்ல, கடிக்கிறது எங்க, கிட்டப் போக மூலைக்குள்ள ஒதுங்கி முகத்தை சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுது. அந்தப் பிள்ளை வாங்காம வந்திட்டா. அண்டைக்குப் பின்னேரமே குட்டி வேற ஆருக்கோ வித்துப் போயிட்டுது.

பொல்லாத கதை சொல்லி உங்கட மனசை இளக்கிறதுக்கு இதை எழுதேல்ல. ஒரு பெட்டை நாய்க்கு கிட்டத்தட்ட ஆறு மாசத்துக்கு ஒருக்கா சூடு வரும், வயித்தில குட்டி இருக்கிறது ஏறத்தாழ 63 நாள், அதுக்குப் பிறகு பால் குடுக்க இன்னும் ரெண்டு மாசம். ஒவ்வொரு சூட்டுக்கும் கிராஸ் பண்ணினா அந்த உடம்புக்கு தேற நேரமே இல்ல எண்டு கணக்குப் பாத்தாலே விளங்கும். கல்சியம் இறங்கி இழுப்பு வாற தாய் நாய்கள் இருக்கு, கர்ப்பப்பை பழுதாகிச் சாகிறதும் இருக்கு. குட்டி போடேலாம வந்த உடன ஒரு இரவில கொண்டு போய் விட்டிட்டு வந்திடுவினம். மீன் மார்க்கெட் பக்கமும் கன்னியா ரோட்டு ஓரமும் முலை தொங்கின, சாதி நாய்ச் சாயல் உள்ள நாய் நிண்டா அது எங்கயிருந்து வந்தது எண்டு எங்களுக்குத் தெரியும்.

வாங்கின ஆக்களுக்கும் இதில நட்டம்தான். தாயோட 8 கிழமையாவது இருக்க வேண்டிய குட்டியை 4, 5 கிழமையிலயே பிரிச்சு விக்கினம், ஏனெண்டா சின்னனா இருந்தா வடிவு, கெதியா விலைப்படும், தீனிச் செலவும் இல்ல. பார்வோ வைரஸ் உடம்புக்குள்ள போய் வருத்தம் வெளியில தெரிய சில நாள் எடுக்கும், அதாலதான் வாங்கேக்க துள்ளி விளையாடின குட்டி ஒரு கிழமைக்குள்ள சத்தி எடுத்து ரத்தமா வயித்தால போய் விழுந்திடுது. டொக்டரிட்ட கொண்டு ஓடி சேலைன் ஏத்தி, பிள்ளையள் அழுது, வித்த ஆளுக்கு போன் எடுத்தா "நாங்க நல்ல குட்டிதான் தந்தனாங்கள்" எண்டு வைப்பினம், பிறகு நம்பரே வேலை செய்யாது. அந்த வைரஸ் மண்ணில மாசக்கணக்கா உயிரோட கிடக்கும், பக்கத்து வீட்டு நாய்க்கும் அதுதான் கதி. தடுப்பூசி போட்டது எண்டு காட்டுற கார்ட்டில ஸ்டிக்கரும் டொக்டரின்ட கையெழுத்தும் இருக்கோ எண்டு பாருங்கோ, வெறும் திகதி எழுதிக் குடுக்கிறது பெரிய விசயமில்ல.

ஹஸ்கியைப் பற்றிச் சொல்லாம போகேலாது. பனி நாட்டில ஓட எண்டு ரெட்டை மயிர்ப் போர்வையோட வந்த சாதி அது, எங்கட ஊரில ஆனி ஆடியில கச்சான் காத்து அனலா அடிக்கேக்க மனிசரே வீட்டுக்குள்ள இருக்கேலாம வெளியில பாய் போடுறம். பக் மாதிரி மூக்குத் தட்டையான நாய் சாதாரண நாளிலயே இழுத்து இழுத்துத்தான் மூச்சு விடும். இதை வாங்கிறவைக்கு வித்தவை சொல்லுறேல்ல.

இனி சட்டத்துக்கு வாறன். மிருகவதை தடுப்புச் சட்டம் 1907ம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்தில வந்தது, அதில போட்டிருக்கிற ஆகக்கூடின தண்டம் 100 ரூபா. ஒரு குட்டியை பத்தாயிரக்கணக்கில விக்கிற ஆளுக்கு அது ஒரு தண்டமே இல்ல. புதுச் சட்டத்துக்கான வரைவு 2006ல இருந்து இழுபட்டு வந்த கதை உங்களுக்கும் தெரியும். அது உங்கட கையில இல்ல, சரி. ஆனா நாய்களைப் பதியிற 1901ம் ஆண்டுச் சட்டம் இருக்கு, பதிவு செய்யிற வேலையே உள்ளூராட்சி சபையின்டதான். உபவிதி போடுற அதிகாரமும் உங்களிட்ட இருக்கு. கோழிக் கூட்டுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு குடுத்தா சபையில இருந்து ஆள் வந்து பாக்கினம்தானே, காசுக்கு குட்டி விக்கிற இடத்தையும் வந்து பாக்கலாம்.

நான் கேக்கிறது மற்ற நாடுகள் செய்ததுதான். இங்கிலாந்தில லூசி எண்டு ஒரு கவலியர் சாதி நாய், வேல்ஸ் நாட்டு குட்டிப் பண்ணை ஒண்டில இருந்து 2013ல மீட்டெடுத்தவை, கூட்டுக்குள்ளயே கிடந்து இடுப்பெலும்பு இறுகி ஒட்டிப்போய், மயிர் கொட்டி, 2016ல செத்திட்டுது. மார்க் ஆப்ரஹாம் எண்ட மிருக வைத்தியரும் அவரோட நிண்ட சனமும் விடாம போராடி அதின்ட பேரில சட்டம் கொண்டு வந்தவை. 2020 ஏப்ரல்ல இருந்து அங்க கடையும் புரோக்கரும் ஆறு மாசத்துக்கு குறைஞ்ச குட்டி விக்கேலாது, வளக்கிற ஆள் பிறந்த இடத்திலயே தாயோட வச்சுக் காட்டித்தான் விக்கலாம். இந்தியாவிலயும் 2017ல விதி போட்டு, 8 கிழமைக்கு குறைஞ்ச குட்டி விக்கக்கூடாது, ஒரு தாய் வாழ்நாளில 5 தரத்துக்கு மேல குட்டி போடக்கூடாது எண்டிருக்கு. அங்கயும் எல்லாரும் ஒழுங்கா நடக்கினம் எண்டில்ல, ஆனா பிடிச்சுக் கேக்க ஒரு விதி இருக்கு.

நாய் வளத்து விக்கிற எல்லாரையும் நான் குற்றம் சொல்லேல்ல. வளவுக்குள்ள நாயை அவிட்டு விட்டு, வருசத்தில ஒருக்காத்தான் குட்டி எடுத்து, வாங்க வாற ஆளிட்டயே "வீட்டில ஆர் இருக்கினம், பகலில நாயை ஆர் பாக்கிறது" எண்டு திருப்பிக் கேக்கிற மனிசர் இஞ்சயும் இருக்கினம். தாயைக் காட்டச் சொன்னா அவைக்கு ஒரு கஷ்டமும் இல்ல, சந்தோசமா கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவினம்.

உறுப்பினர்மாரே, உங்கட வீட்டுக்கே ஒரு நாய் வேணுமெண்டா இன்னொண்டும் சொல்லுறன். கடுவன் குட்டியை வச்சுக்கொண்டு பெட்டைக் குட்டியளை பெட்டியோட கோவிலடியிலயும் கடற்கரையிலயும் விடுறது எங்கட ஊரில நிக்கேல்ல. அதில ஒண்டைத் தூக்குங்கோ. ஊர் நாய் இந்த வெயிலுக்கு பிறந்தது, வீட்டுச் சோறும் மீனும் திண்டு நல்லா இருக்கும், விசர் ஊசியும் கருத்தடையும் செய்து விட்டா ஆருக்கும் கரைச்சலில்ல.

அடுத்த சபைக் கூட்டத்தில உங்கள்ள ஒராளாவது இதைப் பிரேரணையா கொண்டு வாங்கோ: காசுக்கு குட்டி விக்கிற எல்லாரும் சபையில பதியவேணும், 8 கிழமைக்கு முன்னம் விக்கக்கூடாது, பிறந்த இடத்தில தாயோட காட்டாம விக்கக்கூடாது, பஸ்ஸில பெட்டிக்குள்ள போட்டு அனுப்புற யாவாரம் நிக்கவேணும். கூட்டைப் போய்ப் பாக்கேக்க மிருக வைத்தியர் ஒராளும் கூட வரவேணும். எழுதுற வேலைக்கு ஆள் காணாதெண்டா சொல்லுங்கோ, நாங்கள் வந்து இருந்து எழுதித் தாறம். மாரி மழை துவங்க முன்னம் இது நடந்தா நல்லம், நான் பார்த்த அந்தத் தாயின்ட கூட்டுக்கு மூண்டு பக்கமும் மறைப்பில்ல.

இப்படிக்கு,
டவுன்ல இருக்கிற, ரெண்டு ஊர் நாய் வளக்கிற ஒருத்தி