செயலாளர் ஆண்டறிக்கை 2025: துண்டுக்கு அடியில பேசுன விலை

நம்ம பொம்மை சேகரிக்கறவங்க சங்கத்து ஆளுங்க எல்லாருக்கும் வணக்கம். தலைவர் அண்ணன், பொருளாளர், கமிட்டி ஆளுங்க, சந்தா கட்டினவங்க, இன்னும் கட்டாதவங்க எல்லாருக்கும் சேர்த்துதான். போன வருஷம் ஒரே பக்கத்துல அறிக்கைய முடிச்சதுக்கு "என்னப்பா மளிகை லிஸ்ட் மாதிரி இருக்கு"ன்னு கேட்டீங்க, அதனால இந்த தடவ கொஞ்சம் இழுத்தே எழுதிருக்கேன், டீயும் வடையும் வர்ற வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கூட்டம் மாசம் ஒண்ணுன்னு பன்னெண்டு நடந்திருக்கணும், ஒன்பதுதான் நடந்துச்சு. மே மாசம் மாடி ஹால்ல ஃபேன் ஓடல, அந்த வெயில்ல பிவிசி பொம்மைய வெளில எடுத்து வச்சா உள்ள இருக்கற எண்ணெய் மாதிரி சமாச்சாரம் கசிஞ்சு பிசுபிசுன்னு ஆயிடும்னு நாமளே கேன்சல் பண்ணோம். நாம வேர்த்து ஊத்தினா பரவால்லயாம், பொம்மை வேர்க்கக் கூடாதாம். மத்த ரெண்டும் மழைல போச்சு.

புதுசா சேந்தவங்கள்ல முக்காவாசி லபூபூ பார்ட்டிங்க, அதான் பல்ல இளிச்சுக்கிட்டு பையில தொங்கற குட்டிப்பிசாசு பொம்மை. இத வச்சு வருஷம் பூரா ஒரு உரசல் ஓடிச்சு, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. "பையில தொங்கற கீ செயினுக்கெல்லாம் எதுக்குய்யா சங்கம்"னு அமெரிக்க சிப்பாய் பொம்மை சேக்கற மூத்த ஜி.ஐ.ஜோ கோஷ்டி கேட்டாங்க, நானும் ஆரம்பத்துல அந்தப் பக்கம்தான் இருந்தேன், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பசங்க விஷயம் தெரிஞ்சுதான் வர்றாங்க. காசிங் லுங்னு ஹாங்காங்ல பிறந்து நெதர்லாந்துல வளந்த ஓவியர் 2015-ல படக்கதைக்காக வரைஞ்ச குட்டிப்பிசாசு, 2019-ல பாப் மார்ட் கம்பெனி கைக்கு வந்துச்சு, டப்பாவ பிரிக்கற வரைக்கும் உள்ள எதுன்னு தெரியாது, சில சீரிஸ்ல சீக்ரெட் பீஸ் 72 டப்பாவுக்கு ஒண்ணுதான் வரும், இதெல்லாம் ஒரு காலேஜ் பொண்ணு எந்திரிச்சு நின்னு மூச்சு விடாம சொல்லிச்சு, நம்ம பெருசுங்க வாயடைச்சுப் போயிட்டாங்க.

அந்தக் கூட்டத்துலதான் பல்லு எண்ணுன கதையும். ஒரிஜினல் லபூபூவுக்கு பல்லு ஒன்பது. டூப்ளிகேட்டுக்கு லஃபூஃபூன்னு ஊரே பேரு வச்சிருக்கு, அதுல பல்லு கூடவோ குறையவோ இருக்கும். சரி எல்லாரும் எடுங்கன்னு மேஜைல வரிசையா வச்சு, பொருளாளர் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு ஒவ்வொண்ணா வாயத் தடவி எண்ணினார். மாட்டுச்சந்தைல தாடைய பிடிச்சு பல்லு பாப்பாங்கல்ல, அச்சு அசலா அதே போஸ். அதே காலேஜ் பொண்ணோடது பதினொண்ணு! ஒரிஜினல்னு சொல்லி யாரோ ஒரு மறுவிற்பனைக்காரர் ஒரிஜினல் விலைக்கே தலைல கட்டிட்டார். "விடுங்கண்ணா, ரெண்டு பல்லு எக்ஸ்ட்ரா வந்திருக்கு"ன்னு சிரிச்சிக்கிட்டே பையில மாட்டிக்கிச்சு, நானா இருந்தா மூணு நாள் சாப்ட்டிருக்க மாட்டேன்.

விலைக்கு வர்றேன், ஏன்னா இந்த வருஷம் நம்ம சண்டை எல்லாம் விலையிலதான். ஜூன் மாசம் பெய்ஜிங்ல ஒரு ஏலத்துல 131 சென்டிமீட்டர் உயர லபூபூ ஒண்ணு 10.8 லட்சம் யுவானுக்குப் போச்சு, நம்ம காசுக்கு ஒரு கோடிக்கு மேல. அந்த நியூஸ் வந்த அன்னிக்கு குரூப்ல எத்தன பேரு "என்கிட்ட இருக்கறது இப்ப என்ன விலை போகும்"னு கேட்டீங்கன்னு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன். அதே ஜூன் மாசம் கம்பெனியே சரக்க மொத்தமா இறக்கி விட்டாங்க, சீனாவுல மறுவிற்பனை விலை பாதிக்குப் பக்கமா சரிஞ்சிருச்சு, அந்த நியூஸ மட்டும் ஒருத்தரும் ஃபார்வர்ட் பண்ணல.

ஜூலை கூட்டத்துல லிமிடெட் எடிஷன்னா என்னன்னு நான் பேசினேன், பாதிப் பேரு வரல, அதனால திரும்பவும் சொல்றேன். டப்பா மேல லிமிடெட்னு ஸ்டிக்கர் ஒட்டினதாலயே ஒண்ணும் அரிதாயிடாது. ஃபங்கோ கம்பெனி எடுத்துக்கோங்க, பொம்மை கலெக்டர்னு சொன்னாலே அவங்களோட பெரிய தலை பொம்மை ஃபங்கோ பாப்தான்னு இருந்த காலம் ஒண்ணு இருந்துச்சு, 2023 தொடக்கத்துல அவங்களே 3 கோடி டாலருக்கு மேல மதிப்புள்ள சரக்க அழிக்கப் போறோம்னு அறிவிச்சாங்க, குடோன்ல வச்சு காபந்து பண்றத விட தூக்கிப் போடறது செலவு கம்மின்னு கணக்கு. இன்னொரு பக்கம் ராக்கெட் போபா ஃபெட். 1979-ல கென்னர் கம்பெனி ஸ்டார் வார்ஸ் பொம்மைல முதுகுலேர்ந்து ராக்கெட் பறக்கற மாதிரி ஒண்ணு விளம்பரமே பண்ணிட்டாங்க. அதுக்கு கொஞ்சம் முன்னாடி வேற கம்பெனி பொம்மையோட ஏவுகணை தொண்டைல சிக்கி ஒரு குழந்தை செத்துப் போச்சு, அந்த பயத்துல ராக்கெட் பறக்கற ஏற்பாட்டயே எடுத்துட்டு, ராக்கெட்ட முதுகோட ஒட்டித்தான் அனுப்பினாங்க. சோதனைக்கு செஞ்சு பாத்த சில பீஸ் மட்டும் தங்கிச்சு. அதுல கையால பெயின்ட் அடிச்ச ஒண்ணு 2024-ல ஏலத்துல 5,25,000 டாலர், நாலு கோடி ரூபாய்க்கு மேல. கடைக்கே வராத பொம்மை!

அதே ஸ்டார் வார்ஸ் வரிசைல வந்த நீல ஸ்னாகிள்டூத் பொம்மையும் இப்படித்தான். கம்பெனிக்கு கிடைச்சது கருப்பு வெள்ளை படம், அதுல கால் தெரியல, கலரும் தெரியல, இவங்களா நெனச்சுக்கிட்டு நீல டிரஸ், நல்ல உயரம்னு செஞ்சு 1978-ல சியர்ஸ் கடை செட்ல போட்டுட்டாங்க. அப்புறம் பாத்தா ஆளு குள்ளம், டிரஸ் சிவப்பு. மாத்திட்டாங்க, அந்தத் தப்புதான் இன்னிக்கு தேடற சரக்கு. அதே வரிசைல ஜாவான்னு ஒரு பொம்மை, அதுக்கு முதல்ல பிளாஸ்டிக் மேலங்கி, ஏற்கனவே பொம்மை குட்டியூண்டு, அதுக்கும் முழு விலை வாங்கிட்டு இதப் போட்டா மட்டமா தெரியுதுன்னு சீக்கிரமே துணிக்கு மாறிட்டாங்க. இப்ப அந்த பிளாஸ்டிக் மேலங்கிக்குதான் கிராக்கி, அதுக்காகவே பென் கெனோபி பொம்மையோட அங்கிய வெட்டி ஜாவாவுக்கு மாட்டி விக்கற புண்ணியவான்களும் இருக்காங்க. யாராவது ஜாவா குடுத்தா அங்கியோட விளிம்ப முதல்ல பாருங்க, கத்திரி பட்ட எடம் தனியா தெரியும்.

நம்ம ஊர் சரக்குக்கும் இந்த ராசி உண்டு. ஹாஸ்ப்ரோ கம்பெனியோட மூணே முக்கால் இன்ச் ஜி.ஐ.ஜோ அமெரிக்காவுல 1982-ல வந்து 1994-ல நின்னு போச்சு. நம்ம சென்னை ஃபன்ஸ்கூல், எம்.ஆர்.எஃப் குரூப்போடது, 1987-ல ஆரம்பிச்சது, அவங்க அதுக்கப்புறமும் அதே அச்சுல போட்டுக்கிட்டே இருந்தாங்க. கலர் மட்டும் பேட்ச்சுக்கு பேட்ச் மாறும், அங்க பச்சைல வந்தவன் இங்க மஞ்சள்ல வருவான். தூர்தர்ஷன்ல ஸ்ட்ரீட் ஹாக்னு பைக் ஹீரோ சீரியல் ஓடினதுன்னு அவனையும் ஒரு பொம்மையா போட்டாங்க, அமெரிக்கால அப்படி ஒரு ஆளே அந்த வரிசைல கிடையாது. நாம தெருப் புழுதில போட்டு உருட்டினத இன்னிக்கு வெளிநாட்டு கலெக்டர்கள் ஃபன்ஸ்கூல்னு பேரு சொல்லியே தேடறாங்க.

இங்கதான் நம்ம பெரம்பூர் சார் விஷயம் வருது. ரயில்வேல ரிட்டயர் ஆனவர், மார்ச்ல தவறிட்டார்னு எல்லாருக்கும் தெரியும், ஏப்ரல் கூட்டத்துல ரெண்டு நிமிஷம் எந்திரிச்சு நின்னோம். ஆகஸ்ட்ல அவர் வீட்டம்மா எனக்கு போன் பண்ணி "தம்பி, மூணு டிரங்கு பெட்டி நெறைய பொம்மை இருக்கு, என்ன பண்றதுன்னு தெரியல, பையன் ஊர்லேர்ந்து பத்து லட்சம் போகும்னு சொல்றான்"னாங்க. பையன் பாத்தது யாரோ விக்கறவங்க போட்டு வச்சிருந்த விலை. கேக்கற விலை வேற, வித்த விலை வேறன்னு அந்தம்மாட்ட போன்ல எப்படி சொல்றதுன்னு தெரியாம, நேர்ல வர்றோம்மான்னுட்டேன்.

தலைவர், நான், அந்த பதினொரு பல்லு பொண்ணு, மூணு ஞாயித்துக்கிழமை போனோம். முதல் பெட்டிய திறந்ததும் பாச்சை உருண்டை நாத்தம் மூஞ்சில அடிச்சுது. பட்டுப் புடவைக்கு போடற மாதிரி அந்தம்மா ஆசையா போட்டு வச்சிருக்காங்க, அது பட்டு டப்பாவோட கண்ணாடி பிளாஸ்டிக் எல்லாம் இளகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. அட்டைய ராமபாணப் பூச்சி ஓரமா அரிச்சிருந்துச்சு. பொம்மைய தூக்கினா இடுப்புக்கு மேல மட்டும் கையோட வருது, கால் ரெண்டும் பெட்டிலயே இருக்கு! ஜோவோட வயித்துக்குள்ள ஒரு கருப்பு ரப்பர் வளையம், ஓ-ரிங், அதுதான் உடம்பையும் காலையும் பிடிச்சிருக்கும், முப்பது வருஷத்துல அது காஞ்சு மாவாயிருந்துச்சு. அங்கயே உக்காந்து முதுகு ஸ்க்ரூவ கழட்டி, மார்ப ரெண்டா பிரிச்சு, பழைய ரப்பர் துகள ஊசியால சுரண்டி, புது வளையத்த கால் கொக்கில மாட்டி, இடுப்பு வழியா இழுத்து மேல மாட்டி மூடினோம். முதல் பொம்மைக்கு எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு, அந்தப் பொண்ணு மூணாவதுலயே ரெண்டு நிமிஷத்துக்கு வந்துட்டா.

சார் ஒவ்வொண்ணுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வச்சிருந்தார், எங்க வாங்கினது, என்ன குறைன்னு. ஒண்ணுல "கட்டை விரல் இல்லை. பையன் உடைத்தது, தீபாவளி 1993"ன்னு இருந்துச்சு. ஜோவுக்கு கட்டை விரல் போச்சுன்னா துப்பாக்கி பிடிக்க முடியாது, விலையும் போச்சு. அத தனியா ஓரமா வச்சோம், அந்தம்மா எடுத்து சீட்ட படிச்சுட்டு, ஒண்ணும் சொல்லாம சாமி அலமாரில கொண்டு போய் வச்சுட்டாங்க. லிஸ்ட்ல அத எழுதல.

நாங்க லிஸ்ட் எடுத்துட்டு இருக்கும்போதே நம்ம மெம்பர் ஒருத்தர், பேரு வேணாம், அந்தம்மாவுக்கு தனியா போன் போட்டு "மொத்தமா ஒரு தொகை தர்றேன், சங்கத்துக்கெல்லாம் சொல்ல வேணாம்"னு கேட்டிருக்கார். சொன்ன தொகைய கேட்டதும் எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு, அப்புறம் யோசிச்சா அவர் ஒண்ணும் புதுசா பண்ணல. சந்தைல மாட்டு வியாபாரம் பேசும்போது துண்டப் போட்டு கைய மூடி, விரல பிடிச்சு விலை சொல்லுவாங்க, பக்கத்துல நிக்கறவனுக்கு எத்தனைன்னு தெரியாது. நம்ம குரூப்ல "ப்ரைஸ் இன்பாக்ஸ் ப்ளீஸ்"னு போடறமே, அது என்ன? அதே துண்டுதான். துண்டுக்கு அடியிலயே பேசிப் பேசி நமக்கே எது என்ன விலைன்னு தெரியாம போச்சு, கடைசில நிலவரம் தெரியாத ஒரு அம்மாகிட்ட போய் அத வச்சு ஏமாத்தப் பாக்கறோம்.

அதனால செப்டம்பர் கூட்டத்துல தீர்மானம் போட்டோம், பெரும்பான்மைல பாஸ் ஆச்சு. நமக்குள்ள எது கைமாறினாலும் ஒரு லாங் சைஸ் நோட்ல எழுதணும்: தேதி, பொம்மை, என்ன கண்டிஷன், கைக்கு வந்த காசு. கேட்ட விலை எழுதக் கூடாது. பேரையும் எழுதக் கூடாதுன்னு ஒரு திருத்தம் வந்துச்சு, "நோட்டு என் வீட்டுக்காரி கைல சிக்கினா நான் எங்க போறது"ன்னு ஒருத்தர் கேட்டார், ஏகமனதா ஏத்துக்கிட்டோம். சார் பொம்மைங்கதான் முதல் பக்கம். எல்லார் முன்னாடியும் மேஜைல வச்சு வித்தோம். வந்த தொகை பையன் சொன்னதுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல, ஆனா அந்த ரகசிய போன் தொகை மாதிரி அஞ்சு மடங்குக்கு மேல. சங்கத்துக்கு கமிஷன் எடுக்கல.

வெளிநாட்டுலேர்ந்து தருவிக்கற விஷயம் மறுபடி மறுபடி கேக்கறீங்க. பொம்மைக்கு சுங்க வரி 2020 பிப்ரவரில 20 சதவீதத்துலேர்ந்து 60 ஆச்சு, 2023-ல 70 ஆச்சு, 2021 ஜனவரி 1-லேர்ந்து ஐ.எஸ்.ஐ முத்திரையும் கட்டாயம். இங்க தொழில் வளரட்டும்னு போட்ட சட்டம், குழந்தை பாதுகாப்புக்கும் நல்லதுதான், ஆனா நாப்பது வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச பொம்மை எங்க போய் ஐ.எஸ்.ஐ வாங்கும்? வாங்கறதுக்கு முன்னாடி வரியும் சேர்த்து கணக்கு போட்டுப் பாருங்க, வந்தப்புறம் எனக்கு ராத்திரி பதினொரு மணிக்கு போன் போடாதீங்க. என்னோட ஒரு பார்சல் ரெண்டு மாசம் எங்கயோ சுத்திட்டு, கூரியர்காரங்க புண்ணியத்துல அப்பளமா நசுங்கி வந்துச்சு, உள்ள பொம்மை பத்திரம், அட்டை போச்சு. அட்டைக்காகத்தான் அவ்வளவு காசு குடுத்தேன்.

வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பார். சுருக்கமா, ஹால் வாடகை ஏறிடுச்சு, கைல 6,340 ரூபா மிச்சம். சந்தா பாக்கி லிஸ்ட் கதவுல ஒட்டிருக்கு, அதுல என் பேரும் இருக்கு, இன்னிக்கே கட்டிடறேன்.

ஜனவரி கூட்டத்துல ஓ-ரிங் மாத்தறத அந்தப் பொண்ணே சொல்லிக் குடுக்கறா, பெருசுங்க தவறாம வந்துருங்க. வளையம் ஐம்பது வாங்கி வச்சிருக்கேன். சின்ன ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர் அவங்கவங்க கொண்டு வரணும், போன தடவ என்னோடத எடுத்துட்டுப் போனவர் அதையும் மறக்காம கொண்டு வந்துருங்க.

இப்படிக்கு,
செயலாளர்