641-ஆல் மீதியின்றி வகுபடும் எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் மாணவர் பக்கத்தில் பகா எண்களைப் பற்றி வந்த கட்டுரையை, ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி கத்தரித்துக் கணக்கு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். பெரிய பகா எண்ணுக்கு எடுத்துக்காட்டாக அதில் 4294967297 தரப்பட்டிருக்கிறது. அது பகா எண் அல்ல, பகு எண். 31 ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு, இதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது இந்த எண். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டும் இதே வரிசையில் இதற்கு முன்னால் நிற்கும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். இதுவும் அப்படியே என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல், 25 வயதில், சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் இதை 641 மீதியின்றி வகுப்பதைக் காட்டினார். ஆகவே எண் பிழையைக் காட்டிலும், கட்டுரையில் உள்ள "ஃபெர்மா நிரூபித்தார்" என்ற வரிதான் என்னை அதிகம் வருத்துகிறது. அவர் நம்பினார், நிறுவவில்லை. பிள்ளைகள் கணக்கில் கற்க வேண்டிய முதல் வேறுபாடே அதுதான்.

வீட்டில் இருக்கும் எட்டு இலக்கக் கால்குலேட்டரில் இந்த எண் அடங்காது. எனவே பேத்தியை உட்காரவைத்துத் தாளில் வகுக்கச் சொன்னேன். 4294-இல் 641 ஆறு முறை, மீதி 448. அடுத்த 9-ஐ இறக்கினால் 4489. ஏழு முறை, மீதி 2. அடுத்து 26, 267 இரண்டிலும் 641 போகாது. இங்கே ஈவில் இரண்டு பூஜ்யம் போட வேண்டும். அவள் ஒன்றை விட்டுவிட்டாள். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகள் தடுக்கி விழுந்த இடம் அது! பெருக்கிச் சரிபார்த்தபோது தானே கண்டுபிடித்துத் திருத்தினாள். பிறகு 2672-இல் நான்கு, 1089-இல் ஒன்று. மீண்டும் அதே 448 மீதி. இம்முறை இறங்குவது 7. 4487, ஏழு முறை, மீதி இல்லை. ஈவு 6700417. "முன்னே 2 மிஞ்சியது, இப்போது மிஞ்சவில்லை பாட்டி" என்று அவள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

641-ஐ எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் கேட்டாள். ஆய்லர் பின்னர் நிறுவிய விதிப்படி, இந்த எண்ணின் பகாக் காரணி எதையும் 64-ஆல் வகுத்தால் 1 மீதி வர வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவதிலேயே விடை கிடைத்துவிடுகிறது. மேல்வகுப்புப் பிள்ளைகள் 641 = 5×128+1 என்றும், 641 = 625+16 என்றும் எழுதிப் பார்த்தால், வகுக்காமலே இதை நிறுவிவிடலாம்.

திருத்தத்தை உள்பக்கத்தில் இரண்டு வரியாக வெளியிட வேண்டாம். அதே மாணவர் பக்கத்தில், இந்த வகுத்தலை முழுதாக, கட்டுரை வந்த அளவிலேயே அச்சிடுங்கள். கத்தரித்து ஒட்டியவர்கள் அதன் மேலேயே இதையும் ஒட்டிக்கொள்வார்கள்.

– ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
தேவகோட்டை