அந்தப் பொடியைச் சாம்பாரில் கலக்காதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீ பேசி முடித்ததும் என்ன விஷயம் என்று அப்பா கேட்டார். பேரனின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றி என்று பொய் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் காப்பி கொடுக்கும்போது உண்மையைச் சொன்னேன். இந்தக் கடிதத்தை அவர் படித்த பிறகுதான் தபாலில் சேர்க்கிறேன். தன்னைப் பற்றி எதையும் மறைக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். குடியை நிறுத்தும் என்று உன் மாமியாருக்குத் தெரிந்தவர் யாரோ வாங்கித் தந்த பொடியை மாப்பிள்ளைக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கலாமா என்று கேட்டாய். கலக்காதே. பொட்டலத்தைப் பிரிக்காமல் எடுத்து வை, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், 1996ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் இதே காரியத்தை நான் செய்தேன் என்பதுதான்.

நீ அப்போது நான்கு வயதுக் குழந்தை. உனக்கு எதுவும் நினைவிருக்காது. பக்கத்து ஊரில் ஒருவர் குடியை மறக்கடிக்கும் மருந்து கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஜோடி கம்மலை அடகு வைத்துப் பத்துப் பொட்டலம் வாங்கி வந்தேன். ரசத்தில் போட்டால் நிறமும் மாறாது, மணமும் வராது என்றார். மூன்றாம் நாள் இரவு, ஒயின்ஷாப்பிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்த அப்பாவின் முகமும் கழுத்தும் செம்பருத்தி போலச் சிவந்தன. இலையிலேயே வாந்தி எடுத்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினார். மாட்டு வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். என்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் கேட்டபோது, சோறும் ரசமும் என்று மட்டுமே சொன்னேன். பொடியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவர் பிழைத்தது என் புண்ணியத்தால் இல்லை.

அது என்ன மருந்தாக இருந்திருக்கும் என்பது பின்னால்தான் புரிந்தது. டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. மது உடம்புக்குள் போனதும் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளாக மாறி, அதன்பின் அதுவும் சிதைந்து வெளியேற வேண்டும். அந்த இரண்டாவது வேலையைச் செய்யும் நொதியை இந்த மாத்திரை தடுத்துவிடுவதால் நச்சு உடம்பிலேயே தேங்கி, முகம் சிவப்பதும் வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் விழுந்துவிடுகிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை குடித்தால் இந்த விளைவு வரக்கூடும். நல்ல மருத்துவர்களும் இதைத் தருவதுண்டு. ஆனால் கல்லீரலையும் இதயத்தையும் சோதித்துப் பார்த்து, நோயாளியிடம் எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதித்த பிறகே தருவார்கள். தெரியாமல் கொடுத்தால் அது வைத்தியம் ஆகாது, விஷம் வைப்பதுதான். பொட்டலத்தில் இருப்பது வேறு எதுவாகவும்கூட இருக்கலாம். என்னவென்றே தெரியாத ஒன்றை எப்படி ஒரு மனிதரின் சோற்றில் போடுவது?

நீ சொன்ன இன்னொன்றும் என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த மாதம் மாப்பிள்ளை மாலை போட்டுக்கொள்ளப் போகிறார், அதோடு குடி நின்றுவிடும் என்று சம்பந்தி நம்புகிறார் என்றாய். 1997 கார்த்திகையில் உன் அப்பாவும் மாலை போட்டார். அதுவரை காலையில் எழுந்ததும் குடிக்காமல் சவரக் கத்தியைப் பிடிக்க முடியாத மனிதர், ஒரே நாளில் முற்றிலும் நிறுத்தினார். முதல் நாள் கை நடுங்கியது. டம்ளரிலிருந்து பால் பாதி தரையில்தான் விழுந்தது. மூன்றாம் நாள் இரவு போர்வையில் எறும்பு மொய்க்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். அங்கே ஓர் எறும்பும் இல்லை. உடம்பெல்லாம் வியர்வை, காய்ச்சல், என்னை யார் என்றே தெரியவில்லை. ஐயப்பன் சோதிக்கிறார் என்றார் ஒருவர். காத்துக் கருப்பு என்று விபூதி போட்டார் இன்னொருவர். நான்காம் நாள் அவரே மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்க் குடித்தார், நடுக்கம் நின்றது. விரதத்தை முறித்தவன் என்று ஊரே சிரித்தது.

பல ஆண்டுகள் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தும்போது இரண்டாம், மூன்றாம் நாளில் இப்படிப் புத்தி பேதலிப்பதும், சிலருக்கு வலிப்பு வருவதும் உண்டு. கவனிக்காவிட்டால் உயிர்கூடப் போகும். மருத்துவர் மேற்பார்வையில், தூக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் மருந்து தந்து, பி1 வைட்டமின் ஊசி போட்டு நிறுத்த வேண்டிய குடி அது. மாலை போடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு மருத்துவரைப் பார்க்கட்டும்.

அப்பா மீண்டது மஞ்சக்குடியில் என்பது உனக்குத் தெரியும். எப்படி என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, 1989 முதல் நம் குடவாசல் பக்கத்து மஞ்சக்குடியில் 15 நாள் முகாம் நடத்தி வந்தது. சென்னை மருத்துவமனைக்குப் போக வழியில்லாதவர்களைத் தேடி, மருத்துவரும் செவிலியரும் ஆலோசகர்களும் கிராமத்துக்கே வந்தார்கள், உள்ளூர்க்காரர்கள் கைகொடுத்தார்கள். 1998இல் அப்பாவை அங்கே சேர்த்தேன். எறும்புக் கதையை நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அந்தச் செவிலியர் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். குடி ஒரு நோய் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவர் குறித்துக்கொண்ட விதத்தில் நம்பினேன்.

முகாமில் மனைவிமாருக்கும் தனியாக வகுப்பு இருந்தது. என் புத்தி தெரியும் அல்லவா, கூட்டுறவுச் சங்கத்துக் கணக்குப்பிள்ளை; நான்கு ஆண்டுகளில் அவர் குடித்தது எவ்வளவு, அடகில் மூழ்கியது எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஒரு குறிப்பேட்டில் பைசா சுத்தமாக எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஆலோசகர் அதை முழுக்கப் பார்த்துவிட்டு, அவரைக் காவல் காக்க நீங்கள் செலவழித்த நேரத்தை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். எழுதவில்லை. எட்டு மணியானதும் வாசலைப் பார்ப்பது, மூச்சை மோந்து பார்ப்பது, உர மூட்டைக்குப் பின்னால் பாட்டில் தேடுவது, பாட்டிலில் தண்ணீர் கலப்பது, வயிற்றுப்போக்கு என்று மின்வாரியத்துக்கு அவர் பெயரில் நானே விடுப்புக் கடிதம் எழுதுவது. கம்பத்தில் ஏறும் வயர்மேன் அவர். அவர் வேலை போய்விடக் கூடாது என்றுதான் எழுதினேன். நான் எழுதிய ஒவ்வொரு கடிதமும் அவர் இன்னொரு நாள் குடிப்பதற்கு வசதி செய்து கொடுத்தது என்று அவர்கள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம் தணியச் சில மாதம் ஆயிற்று.

வைரல் காய்ச்சல் என்று நீ மாப்பிள்ளையின் அலுவலகத்துக்குப் போன் செய்கிறாய் என்று பேரன் என்னிடம் சொன்னான். உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எது பொய், எது காய்ச்சல் என்று தெரிந்துவிட்டது. அதைத்தான் நீ நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: மாப்பிள்ளை சிகிச்சைக்குச் சம்மதிக்கும்வரை நீ காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் நீ போ. அல்-அனான் என்று குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. 1935இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சேர்ந்து, குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைத் தொடங்கினார்கள். அந்தத் தரகரின் மனைவியும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து 1951இல் தொடங்கியது இது. சென்னையில் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, ஒரு பை சுற்றி வரும், விருப்பமிருந்தால் போடலாம். முழுப் பெயரைக் கேட்க மாட்டார்கள். கணவரை விட்டுவிடு என்றோ பொறுத்துப் போ என்றோ யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள், அதுவே பெரிய நிம்மதி. இந்தக் குடி என்னால் வந்ததில்லை, என்னால் அடக்க முடியாது, என்னால் குணமாக்கவும் முடியாது என்று அங்கே ஒருவர் சொல்லக் கேட்டபோது, மாமியார் வீட்டில் ஆறு வருடம் கேட்ட ஏச்செல்லாம் கழுவிப் போனது போல இருந்தது எனக்கு. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று தனியாகவே உண்டு. பேரனுக்கு அதைப் பற்றி விசாரி.

மாப்பிள்ளை வருவதாகச் சொன்னால், அந்த அறக்கட்டளையின் டி.டி.கே. மருத்துவமனை இந்திரா நகரில் இருக்கிறது. குடும்பத்தாரும் சிகிச்சையில் பங்கெடுக்க வேண்டும் என்பார்கள், விடுப்பு எடுத்துக்கொள். பணம் ஒரு தடை என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்குத் தயங்காமல் போகலாம். 1794இல் தொடங்கிய இடம் அது. கீழ்ப்பாக்கம் என்றாலே சிரிக்கும் ஊர்ப் பேச்சைக் காதில் வாங்காதே. நள்ளிரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணை அழை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்று தனி எண்ணும் இருக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதே. இரவில் வேன் அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று மாதம் அடைத்து வைக்கும் மையங்கள் இருக்கின்றன. நம் தெருவிலேயே ஒரு பையனை அப்படிக் கொண்டுபோனார்கள். முதுகில் தழும்போடு திரும்பி வந்தவன், வந்த அன்றே குடித்தான். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் குடியாலும் போதைப் பொருளாலும் வரும் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. அப்படிச் சிகிச்சை தரும் இடங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடு.

இனி உன்னைப் பற்றி. சில நாள் காலையில் கண் விழிக்கவே வேண்டாம் போலிருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு, உடனே பேச்சை மாற்றினாய். நான் கேட்காதது போல இருந்தேன், அது என் தவறு. மாப்பிள்ளையின் குடிக்கு வைத்தியம் பார்ப்பதைவிட இதற்கு அவசரம் அதிகம். 14416இல் உனக்காகவும் பேசலாம். 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகவே சென்னையில் இயங்கும் சிநேகாவின் எண் 044-24640050. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் உனக்கென்று ஒரு சீட்டு எழுதிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மஞ்சக்குடிக்கு முன்பே எனக்கு மருந்து தேவைப்பட்டிருக்கிறது, கேட்க ஆளில்லாமல் கிடந்தேன்.

முகாமோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. பதினோராம் மாதம், பெரியப்பா இறந்த பதினாறாம் நாள், அப்பா மறுபடி குடித்தார். சறுக்கல் என்பார்கள் அதை. அடுத்த மாதத் தொடர் சந்திப்புக்கு வர மறுத்தார். அவரோடு முகாமில் இருந்த மளிகைக் கடைக்காரர் சைக்கிளில் வந்து திண்ணையில் உட்கார்ந்து, குடியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், ஒரு மணி நேரம் நெல் விலையைப் பற்றிப் பேசிவிட்டு, கிளம்பும்போது பின்னால் ஏறிக்கொள்ளுங்கள் என்றார். அப்பா ஏறிக்கொண்டார். அன்று முதல் இன்றுவரை குடிக்கவில்லை. ஆனால் இனிமேல் குடிக்க மாட்டேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, இன்று குடிக்கவில்லை என்றுதான் சொல்வார். வாரம் ஒருமுறை பேருந்து ஏறிக் கூட்டத்துக்குப் போய் வருகிறார். எழுபது வயதில் இனி எதற்கு என்று உன் சித்தப்பா கேலி செய்கிறார், செய்யட்டும்.

வியாழக்கிழமை இரவு கும்பகோணத்தில் ரயில் ஏறுகிறேன். வெள்ளி காலை எழும்பூர். அப்பாவும் வருகிறார். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அறிவுரை சொல்ல மாட்டேன், எறும்பு பொறுக்கிய கதையை மட்டும் சொல்வேன் என்கிறார் அப்பா. உனக்கும் எனக்கும் அருகில் எங்கே, எந்தக் கிழமை கூட்டம் நடக்கிறது என்று விசாரித்து வை. பேரனுக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறேன். டப்பா பெரியது, ரயிலடிக்கு அவனையும் அழைத்து வா.

அன்புடன்,
அம்மா