ஃபார்மட் செய்வதற்கு முன் எஃப்3

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினிக் கேள்வி பதில் பகுதியில் சென்ற வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இயங்குதளம் போட்ட அவருடைய கணினியில் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் திரை ஒரு நொடி கறுத்து, மறுபடியும் கடவுச்சொல் கேட்கும் இடத்திலேயே வந்து நிற்கிறதாம். அதற்கு வந்த பதில் ஒரே வரி: ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்து மீண்டும் நிறுவுங்கள். படித்து முடிப்பதற்குள் கையிலிருந்த காபி ஆறிவிட்டது, கோபம் ஆறவில்லை. இதே பதிலை நான் முன்பே ஒருமுறை காசு கொடுத்துக் கேட்டிருக்கிறேன்.

கும்பகோணத்தில் நீதிமன்றத்துக்கு அருகே தட்டச்சும் ஜெராக்ஸும் செய்யும் சிறு கடை என்னுடையது. 2019 மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, வக்கீல் குமாஸ்தாக்கள் இருவர் வாசலில் நிற்க, என் கணினி அந்த வாசகரின் கணினி செய்ததையே செய்தது. உபுண்டு 18.04 பதிப்பு, எக்ஸ்எஃப்சிஇ என்ற முகப்பு, அதாவது உள்ளே நுழைந்ததும் வரும் படத்திரை. கடவுச்சொல் தவறென்றால் தவறு என்று சொல்லும். அதுவும் சொல்லவில்லை. உள்ளே போவதுபோல் போய், வாசலுக்கே திரும்பியது.

பழுது பார்க்க வந்த தம்பி கறுப்புத் திரையில் ஏதோ கட்டளை கொடுத்தார். முகப்பு பளிச்சென்று திறந்தது! ஆனால் அது என் முகப்பு இல்லை. என் கோப்புகள் ஒன்றும் அந்தத் திரையில் இல்லை. "ரூட்டில் வருகிறது அக்கா, உங்கள் கணக்குதான் கெட்டுவிட்டது. ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்றார். ரூட் என்பது எல்லா அதிகாரமும் உள்ள தலைமைக் கணக்காம். ஏழு வருட மனுக்கள், பத்திரப் படிகள், வில்லங்கச் சான்றுகள் எல்லாம் அதில் இருந்தன. யோசித்துச் சொல்கிறேன் என்று இருநூறு ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மாலையில் கோயம்புத்தூரில் படிக்கும் என் தங்கை மகன் தொலைபேசியில் வந்தான். முதலில் அவன் கேட்டது, "பெரியம்மா, கடவுச்சொல் கேட்கும் திரை ஒழுங்காக, படத்தோடு வருகிறதா?" வருகிறது என்றேன். "அப்படியென்றால் திரையும் கிராஃபிக்ஸும் நன்றாகத்தான் இருக்கின்றன. அதற்கு அடுத்த படியில்தான் எதுவோ தடுக்கிறது" என்றான். அந்தத் திரையே வராமல் போவது வேறு நோயாம்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னான். கறுப்புத் திரையில் பெயர் கேட்டது, கொடுத்தேன். கடவுச்சொல்லைத் தட்டும்போது ஒரு புள்ளிகூட விழவில்லை, கீபோர்டும் போய்விட்டதோ என்று பயந்தேன். அங்கே அப்படித்தானாம், தட்டுவது கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போய்விட்டேன். 1983-இல் தமிழ்த் தட்டச்சு ஹையர் தேர்வு தேறியவள் நான். எழுத்து மட்டுமே உள்ள திரை எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

கோப்புகளைப் பட்டியலிடச் சொன்னதும்தான் நெஞ்சு பதறியது. தமிழில் பெயர் வைத்திருந்த கோப்புறைகள் எல்லாம் பொருள் விளங்காத குறிகளாக நின்றன. எல்லாம் போயிற்று என்றேன். அவன் சிரித்தான். "அந்தத் திரையின் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் அடங்காது பெரியம்மா, தமிழுக்கு அங்கே இடமில்லை. கோப்புகள் பத்திரமாகத்தான் இருக்கின்றன." இதைச் சொல்ல ஆள் இல்லாதவர்கள் அந்த நிமிடத்திலேயே ஃபார்மட்டுக்குத் தலையாட்டியிருப்பார்கள்.

அடுத்து 'டிஎஃப்', ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, 'எச்'. ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று அது காட்டும். என் கோப்புகள் இருந்த வரியில் 100 சதவீதம். எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஏனென்றால் மாதாமாதம் பழைய ஸ்கேன்களை அழித்துக்கொண்டுதான் வந்தேன். பிறகுதான் தெரிந்தது, நான் அழித்ததெல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போய் அதே டிஸ்கில் உட்கார்ந்திருந்தது. தொட்டியில் மட்டும் 41 ஜிபி! ஓர் ஏ4 தாளை 600 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து சுருக்காமல் வைத்தால் 100 எம்பியைத் தாண்டும் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

இடம் இல்லாததற்கும் முகப்பு வராததற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். முகப்பு திறக்கும்போது, திரையைப் பயன்படுத்தும் அனுமதிச்சீட்டாக ஒரு சின்னஞ்சிறு கோப்பை என் கணக்கில் எழுதிக்கொள்ளும். அதை எழுதவும் இடமில்லாததால் திரும்பிவிட்டது. கறுப்புத் திரை அப்படி எதையும் எழுதத் தேவையில்லை, அதனால் உள்ளே விட்டது. சரி, ரூட்டுக்கு மட்டும் எப்படித் திறந்தது? விதைநெல்லை எடுத்து வைப்பதுபோல், இந்த வகை டிஸ்கில் நூற்றுக்கு ஐந்து பங்கை ரூட்டுக்கென்று தனியாக ஒதுக்கிவைப்பது வழக்கமாம். மற்றவர்களுக்கு டிஸ்க் நிரம்பினாலும் ரூட்டுக்கு நிரம்புவதில்லை. பழுது பார்த்த தம்பி ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

தொட்டியைக் காலி செய்யும் கட்டளையை ஓர் எழுத்துவிடாமல் திருப்பிப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் என்டரை அழுத்த விட்டான். இடைவெளி ஒன்று இடம் மாறினாலும் வேண்டியதும் சேர்ந்து போய்விடும் கட்டளை அது. 100 என்பது 80-க்கு இறங்கியது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தி முகப்புக்குப் போனேன். கறுத்தது, திரும்பியது. மறுபடியும் வாசல்!

இப்போது அவன் பக்கத்திலும் பேச்சில்லை. பிறகு, "பகலில் வந்தவர் ரூட்டில் எதையாவது திறந்தாரா?" என்றான். மறைந்திருக்கும் கோப்புகளையும் சேர்த்துப் பட்டியலிட வைத்தான். வரிக்கு வரி உரிமையாளர் பெயர் என்று என் பெயரே இருந்தது. 'எக்ஸ்அத்தாரிட்டி' என்ற ஒரே ஒரு கோப்புக்கு எதிரே மட்டும் 'ரூட்'. பகலில் கொடுத்த அந்தக் கட்டளை, என் வீட்டு அனுமதிச்சீட்டை ரூட்டின் பெயரில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தது. அதை என் கணக்கு தொட முடியாது. அந்தக் கோப்பை நீக்கினோம், அடுத்த முறை கணினி தானே புதிதாக எழுதிக்கொண்டது. இரவு பத்தரை மணிக்கு என் பேத்தி படம் போட்ட முகப்பு வந்தது. ஒரு கோப்புகூட இழக்கவில்லை. 19.10 பதிப்பு முதல் உபுண்டுவில் அந்தக் கட்டளையின் நடத்தையை மாற்றிவிட்டார்கள், இரண்டாவது சிக்கல் அவ்வளவாக வராது என்கிறான். முதல் சிக்கலுக்குப் பழைய பதிப்பு, புதிய பதிப்பு என்ற வித்தியாசம் கிடையாது, டிஸ்க் நிரம்பினால் எதிலும் வரும்.

ஃபார்மட் செய்தால் கணினி சரியாகும் என்பதை நான் மறுக்கவில்லை. வீட்டை இடித்துக் கட்டினாலும் ஒழுகல் நிற்கும். ஆனால் கேள்வி கேட்டவரின் டிஸ்கில் என்ன இருக்கிறது, அதற்கு நகல் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் அச்சில் போடுகிற பதிலா இது?

இந்தக் கடிதத்தை அடுத்த வாரக் கேள்வி பதில் பகுதிக்கு ஒதுக்கிவிடாமல் நாளையே வெளியிடுங்கள். அந்த வாசகர் இந்நேரம் பென் டிரைவைத் தேடிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
தட்டச்சு நிலையம் நடத்தும் வாசகி,
கும்பகோணம்.