‘கிருமி’ என்ற ஒற்றைச் சொல்லும் ஒரு தவறான வரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், மழைக்காலக் காய்ச்சல் பற்றிய கட்டுரையின் நடுவே, “வைரஸ் கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வீட்டில் கைவசம் வைத்திருப்பது நல்லது” என்று ஒரு வரி வந்திருந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 28 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அந்த வரியைத் தாண்டிப் படிக்க மனம் வரவில்லை. ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது என்பது தாங்கள் அறியாததல்ல. அறிந்தவர்கள் இருக்கும் இடத்திலிருந்தே அது அச்சேறி வந்ததுதான் என் வருத்தம்.

பாக்டீரியாவையும் கிருமி என்கிறோம், வைரஸையும் கிருமி என்கிறோம். ஆனால் மருந்து வேலை செய்வதும் செய்யாததும் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. அமாக்சிசிலினும் செஃபிக்சிமும் பென்சிலினுக்கு உறவான ஆன்டிபயாடிக் மருந்துகள். பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவரை எழுப்பிக்கொண்டே வளர்கிறது. கொத்தனார் கல்லை அடுக்கிவிட்டுச் சாந்து வைக்கப் போகும்போது கையைப் பிடித்துக்கொள்வதைப் போல, இம்மருந்துகள் அந்தச் சுவரின் இழைகள் ஒன்றோடொன்று பிணையாதபடி தடுத்துவிடுவதால், சுவர் தாங்காமல் பாக்டீரியா வெடித்துச் சாகிறது. மனித உயிரணுவுக்கு அத்தகைய சுவர் கிடையாது. அசித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் சுவரைத் தொடுவதில்லை. பாக்டீரியாவின் உள்ளே புரதம் உருவாகும் ரைபோசோமைப் பிடித்து வேலையை நிறுத்துகின்றன. சிப்ரோஃப்ளாக்சசின் அதன் டி.என்.ஏ. படியெடுக்கப்படுவதைக் கெடுக்கிறது. வைரஸுக்கோ சுவரும் இல்லை, சொந்த ரைபோசோமும் இல்லை. நம் உயிரணுவுக்குள் புகுந்து, அங்குள்ளவற்றைக் கொண்டே அது பெருகுகிறது. இம்மருந்துகள் தாக்குவதற்கு அதனிடம் எதுவுமே இல்லை.

பாக்டீரியாவால் வந்த காய்ச்சலுக்குக்கூட எல்லா ஆன்டிபயாடிக்கும் உதவாது என்பதை என் குடும்பத்திலேயே பார்த்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில், குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகும் என் மைனிக்குக் காய்ச்சல் கண்டது. மருந்துக்கடையில் மருத்துவர் சீட்டு கேட்காமலே, செஃபிக்சிம் அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுத்தார்கள். காய்ச்சல் விடவில்லை, மேலும் நான்கு வாங்கினார். ஏழாம் நாள் மூச்சுவாங்கத் தொடங்கிய பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே மருத்துவர், பாவாடை நாடா கட்டும் இடத்தில், பீடி நெருப்புப் பட்டதுபோல் கறுத்துப் பொருக்குக் கட்டியிருந்த, வலியே இல்லாத ஒரு சிறு புண்ணைக் கண்டார். ஸ்க்ரப் டைஃபஸ், புல்பூண்டில் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. அந்த பாக்டீரியா நம் உயிரணுவுக்குள்ளேயே ஒளிந்து வாழ்கிறது; செஃபிக்சிம் அதை ஒன்றும் செய்யாது. டாக்சிசைக்ளின் கொடுத்த இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. வீடு திரும்பிய அன்று அந்த மாத்திரையைப் பால்சாயாவோடு விழுங்கப் போனார். பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிணைத்துக்கொண்டு முழுமையாக உடலில் சேரவிடாது என்று சொல்லி, ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தேன்.

அட்டையைக் கத்தரிப்பது எனக்குப் பழைய மனக்குறை. ஆன்டிபயாடிக் அட்டையின் பின்புறம் செங்குத்தாக ஒரு சிவப்புக்கோடு இருக்கும். மருத்துவர் சீட்டின்றி உண்ணக்கூடாது என்பது அதன் பொருள். நான்கு மாத்திரைகளாகக் கத்தரிக்கும்போது பல நேரம் அந்தக் கோடும் போய்விடுகிறது, காலாவதித் தேதியும் போய்விடுகிறது. செஃபிக்சிம் போன்றவற்றை விற்கும்போது நோயாளியின் பெயர், மருத்துவரின் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற ‘எச் 1’ அட்டவணை விதி 2014 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. களியக்காவிளை எல்லைக்கு அப்பால் கேரளத்தில் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைத் தேடி 2024-இல் சோதனை நடந்தது. இப்பால் நம் மாவட்டத்தில் அந்தப் பதிவேடு எப்படி இருக்கிறது என்று விசாரித்து எழுதும்படி தங்களுக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டு கடிதங்களும் வெளியாகவில்லை. அதை நான் குறையாகச் சொல்லியிருக்க மாட்டேன், இந்த வரி வந்திராவிட்டால்.

கைவசம் வைத்திருக்கும் மாத்திரை என்றால் என்ன என்பதையும் நான் கண்டிருக்கிறேன். மருந்து கொடுக்கும் சன்னலுக்கு ஒரு தாய் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, அதில் கிடந்த அரை அட்டைகளில் எதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று கேட்டார். அத்தனையும் முந்தைய காய்ச்சல்களில் பாதியில் நிறுத்தியவை. போதிய அளவு மருந்து சேராவிட்டால் எளிதில் சாகக்கூடிய பாக்டீரியாக்கள் மட்டும் சாகும். தாங்கும் வலுவுள்ளவை பிழைத்துப் பெருகும். 1928-இல் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே, 1945-இல் தம் நோபல் உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். இன்று பென்சிலினை வெட்டிப்போடும் நொதியைப் பல பாக்டீரியாக்கள் சுரக்கின்றன. அந்த நொதியை முடக்குவதற்காகத்தான் அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுக்கும் நிலை வந்திருக்கிறது.

நான் கேட்பது சிறியதுதான். அந்த வரி தவறு என்று அதே ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், அதே எழுத்தளவில், ஒரு திருத்தம் வெளியிடுங்கள்; இனிமேல் பாக்டீரியாவைப் பாக்டீரியா என்றும் வைரஸை வைரஸ் என்றும் அச்சிடுங்கள். மைனியின் மகள் அந்தக் கட்டுரையைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். நான் சொல்லியும் எடுக்கவில்லை. பேப்பரில் போட்டிருக்கிறதே என்கிறாள். திருத்தம் வந்தால் அதன் மேலேயே ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
திருவட்டார், கன்னியாகுமரி மாவட்டம்.